சீரகம், வெல்லம், நாலாவது கேசட்

என் தங்கையின் கல்யாண முகூர்த்தம் எங்கள் கேமராவில் பதிவாகவில்லை. கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டிப் பிழைப்பவள் வீட்டிலேயே இப்படி ஆனதால், எங்கள் தெலுங்கு நகரத்தில் ஹப்சிகுடாவிலிருந்து மௌலா அலி வரைக்கும் இருந்த தமிழ்க் குடும்பங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தன. சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. ஒரு விஷயத்தை அரைகுறையாகச் சொல்லக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். அதனால் முழுசாக நானே சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்கு மௌலா அலி பக்கம் மத்திய அரசுத் தொழிற்சாலையில் வேலை. நானும் தங்கையும் அங்கே ஊழியர் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர்கள். அம்மா திருநெல்வேலியிலிருந்து கொண்டுவந்த தமிழை ஒரு சொல் சிந்தாமல் வைத்திருந்தாள். தெலுங்கில் காய்கறி வாங்குவாள், ஆட்டோக்காரருக்கு வழி சொல்லுவாள், அதற்கு மேல் போகமாட்டாள். நான் எல்லா மொழியிலும் சண்டை போடுவேன். தங்கையோ எந்த மொழியில் கேட்டாலும் தெலுங்கில்தான் பதில் சொல்லுவாள். தமிழ் நன்றாகவே புரியும், வாயில் வராது. "இவ வாய்க்குள்ள என்னத்த அடக்கி வச்சிருக்காளோ" என்று அம்மா அலுத்துக்கொள்வாள்.

காலனியில் வீட்டுக்கு ஒருவர் மாதாப்பூர் பக்கம் கணினி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. தங்கையும் போனாள். அதே கம்பெனி பஸ்ஸில் மல்லாபூரில் ஏறிய ஒரு தெலுங்குப் பையனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. இரண்டு வீட்டிலும் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், பிறகு இறக்கி வைத்தார்கள். கடைசியாகத் தலையாட்டியவர் பையனின் அம்மா. அவருக்கு ஒரே மகன். ஆனால் ஆட்டிய பிறகு அவரைப் போல ஓடியாடி வேலை செய்தவர் இரண்டு வீட்டிலும் கிடையாது. புடவைக் கடையில் எங்கள் அம்மாவை உட்கார வைத்துவிட்டு அவரே நின்றுகொண்டு பேரம் பேசினார். எனக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது, ஏனென்றால் அவரும் என்னைப் போலவே சட்டென்று கோபப்படுவார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் அவர்கள் வீட்டில் பையனை மாப்பிள்ளையாக்கும் சடங்கு. முன்வாசலில் உட்கார வைத்துத் தலையில் எண்ணெய் வைத்து, நலுங்கு மாவு பூசிக் குளிப்பாட்டுவார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அன்று சாயங்காலம் முன்வாசல் படியில் வழுக்கி விழுந்து மாப்பிள்ளையின் அம்மா காலை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டுப் போட்டுப் படுக்கையில் கிடத்தினார்கள். முகூர்த்தத்தைத் தள்ளிப்போட முடியாது, கூடாது என்று அவரே படுத்தபடி உத்தரவு போட்டார். ஒரே மகனின் கல்யாணத்துக்கு அம்மா வராமலே கல்யாணம் நடந்தது.

அவ்வளவுதான், பேச்சு கிளம்பிவிட்டது. "பெண் இன்னும் வாசப்படி மிதிக்கவில்லை, அதற்குள் மாமியார் கால் போய்விட்டது. கால் ராசி அப்படி" என்று மாப்பிள்ளையின் பெரிய அத்தை, அதாவது அவன் அப்பாவின் அக்கா, பந்தியில் பக்கத்து இலைக்காரம்மாவிடம் சொன்னார். பக்கத்து இலைக்காரம்மா எங்கள் காலனி. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று விட்டுவிடலாம். ஆனால் தங்கையால் விட முடியவில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இங்கே மாமியார் உடைத்ததும் மருமகள் தலையில்தான் விழுந்தது. "ஏட்டி, அவிய வழுக்கி விழுந்ததுக்கும் நம்ம புள்ளைக்கும் என்னட்டி சம்பந்தம்?" என்று அம்மா என்னைப் பிடித்து உலுக்கினாள். நானா வழுக்கி விழ வைத்தேன்?

இனி கேமரா விஷயம். எங்கள் பக்கத்துக்கு நான் வேலை பார்த்த ஹப்சிகுடா ஸ்டூடியோவிலிருந்து ஒரு கேமராமேன் வந்திருந்தார். அவர் ரயில்வே பட்டறைக் குடியிருப்பில் வளர்ந்த தமிழர், நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். அவர்கள் பக்கத்துக்கு மல்லாபூர் ஸ்டூடியோ ஒன்றின் கேமராமேன். ஒரு கல்யாணத்துக்கு எதற்கு இரண்டு வீடியோ என்று கேட்கக்கூடாது. எங்கள் ஐயரும் அவர்கள் பந்துலுவுமாக இரண்டு புரோகிதர்கள் இருந்தபோது இரண்டு கேமரா இருக்கக்கூடாதா?

நமக்கு முகூர்த்தம் என்றால் தாலி கட்டும் நேரம். அவர்களுக்கு அப்படி இல்லை. பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் ஒரு திரை பிடித்திருப்பார்கள். சரியாக நல்ல நேரம் வந்ததும், சீரகத்தையும் வெல்லத்தையும் சேர்த்து அரைத்த விழுதை வெற்றிலையில் வைத்து, ஒருவர் உச்சந்தலையில் ஒருவர் வைத்து அழுத்துவார்கள். ஜீலகர்ர பெல்லம் என்று அதற்குப் பெயர். அதுதான் முகூர்த்தம். அதற்குப் பிறகுதான் திரை விலகும், தாலி எல்லாம். இது எங்கள் அண்ணனுக்குத் தெரியாது. பிழைப்பு முழுக்கத் தமிழ்க் கல்யாணங்களாகவே எடுத்தவர். திரையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சீரகத்தை அரைத்து வைக்கிறார்கள், இன்னும் தாலிக்கு நேரமிருக்கிறது என்று நிதானமாகக் குனிந்து கேசட் மாற்றினார். அவர் நிமிர்ந்தபோது திரை விலகியிருந்தது.

மல்லாபூர்க் கேமராமேன் அதை அருமையாக எடுத்திருந்தார். ஆனால் தாலி கட்டும்போது எங்கள் ஜனம் என்ன செய்யும்? கெட்டிமேளம் என்று குரல் வந்ததும் கையில் அட்சதையோடு மொத்தமாக எழுந்து மேடையை மொய்க்கும். அவர்கள் வழக்கத்தில் அவ்வளவு முட்டல் இல்லை போலிருக்கிறது, அந்த மனுஷர் தயாராக இல்லை. அவர் கேமராவில் தாலி கட்டும் நேரம் முழுவதும் எங்கள் பெரியப்பாவின் முதுகுதான் இருந்தது. அகலமான முதுகு, பட்டுச் சட்டை வேறு. ஆக, சீரகம் வெல்லம் அவர்களிடம், தாலி எங்களிடம், முழுக் கல்யாணம் யாரிடமும் இல்லை.

இது தெரியாமல் தங்கை மல்லாபூர் வீட்டுக்குள் வலது காலை எடுத்து வைத்தாள். முன்னறைக் கட்டிலில், தலையணை மேல் காலைத் தூக்கி வைத்தபடி மாமியார் படுத்திருந்தார். மகன் கல்யாணக் கதையைச் சொல்ல வாயெடுத்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "எவரூ நாக்கு செப்பொத்து. நேனே சூஸ்தா." யாரும் எனக்குச் சொல்லக்கூடாது, நானே பார்த்துக்கொள்வேன் என்றார். கல்யாணமான பதினாறாம் நாள் அவர்கள் வீட்டில் ஒரு பண்டிகை உண்டு. சொந்தக்காரர்கள் எல்லாரும் வருவார்கள். அன்றைக்கு எல்லாரோடும் உட்கார்ந்து டிவியில் முகூர்த்தத்தைப் பார்ப்பதாக முடிவு செய்துவிட்டார். யார் என்ன சொன்னாலும் காதில் விரலை வைத்துக்கொண்டாராம்.

தங்கை எனக்கு போன் செய்தாள். அவளுடைய தெலுங்கை இங்கே தமிழில் சொல்கிறேன்: "அக்கா, என் மாமியார் என்னிடம் நன்றாகத்தான் பேசுகிறார். ஆனால் பெரிய அத்தை வாய் ஓயவில்லை. அன்றைக்கு டிவியில் முகூர்த்தமோ தாலியோ ஒன்று வராமல் போனாலும், பார், வீடியோவில்கூட கல்யாணம் முழுசாக நிற்கவில்லை, எல்லாம் இவள் ராசி என்பார். அதற்கப்புறம் இந்த வீட்டில் நான் எதைச் செய்தாலும் அதுதான் பேச்சாக இருக்கும்." சொல்லிவிட்டு அழுதாள். அவள் சாதாரணமாக அழமாட்டாள்.

அண்ணனைப் பிடித்துக் கத்தினேன். "சீரகம்தானேம்மா வெச்சாங்க? தாலிய கோட்டை விட்டிருந்தா நீ திட்டலாம்" என்றார் அவர். அவர் நியாயம் அவருக்கு. வீட்டுக்குப் போனால் அம்மா பிடித்துக்கொண்டாள். "வீடியோ வீடியோன்னு தினம் போறியே, ஒரு சீரகத்த எடுக்கத் துப்பில்லயாட்டி?"

செய்ய வேண்டியது என்னவோ எளிதாகத்தான் தெரிந்தது. அந்த மல்லாபூர் ஸ்டூடியோவின் எடிட்டர் தன் பக்கத்துப் படத்தை வெட்டி முடித்துவிட்டார். நான் என் பக்கத்தை முடித்துவிட்டேன். இரண்டையும் ஒன்றாகக் கோத்து ஒரே படமாக்கிவிட்டால் இரண்டு வீட்டுக்கும் பொது. ஆனால் அவர் ஒரு சாஃப்ட்வேரில் வெட்டுகிறவர், நான் வேறொன்றில். ஒரு தெருவில் இரண்டு டீக்கடைக்காரர்கள் எப்படி இருப்பார்களோ அப்படித்தான் அந்தக் காலத்தில் எங்கள் தொழிலில் இந்த இரண்டு கட்சியும். அவர்களுடையது விளையாட்டுச் சாமான் என்று நாங்கள் சொல்லுவோம், எங்களுடையது பணக்காரச் சோம்பேறி என்று அவர்கள் சொல்லுவார்கள். நீங்கள் முடித்துக் கொடுங்கள் என்று அவரிடம் நானே கேட்டிருக்கலாம். கேட்பேனா?

முதலில் அவர் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு ஹப்சிகுடாவுக்கு வந்தார். என் வயசுதான் இருக்கும், சட்டைப் பையில் நாலு பேனா. எங்கள் எடிட்டிங் அறையில் ஏசி இருந்தது, ஆனால் அது கணினிக்காக வைத்தது. வைகாசி வெயிலில் வந்தவர் கணினியின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஃபைலைத் திறந்தேன். படம் கறுப்பாக இருந்தது, சத்தம் மட்டும் வந்தது. பந்துலு மந்திரம் சொல்கிறார், அவர்கள் நாதஸ்வரமான சன்னாயி ஊதுகிறார்கள், பெண்கள் சிரிக்கிறார்கள், திரையில் ஒன்றும் இல்லை. அவர் கணினிக்குள் ஒரு வீடியோ கார்டு உண்டு, அந்தக் கார்டு தன் பாணியில் சுருக்கி வைத்த படம் அந்தக் கார்டு இல்லாத இடத்தில் திறக்காது. "உங்க மிஷின் குருட்டு மிஷினா?" என்று அவர் ஹிந்தியில் கேட்டார். "உங்க ஃபைல் ஊமையாக இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்" என்றேன்.

இரண்டாம் முறை, எல்லா இடத்திலும் திறக்கும்படி படத்தைச் சாதாரணமாக மாற்றிக்கொண்டு வந்தார். இந்த முறை படம் வந்தது. ஆனால் அவர்கள் கேமராவில் ஒலியைப் பதிந்த கணக்கு வேறு, எங்கள் சாஃப்ட்வேர் படித்த கணக்கு வேறு. ஆரம்பத்தில் சரியாக இருந்தது போகப்போக விலகியது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பது போல, மேளம் முன்னால் ஓட, கல்யாணம் பின்னால் மூச்சிரைத்துக்கொண்டு வந்தது. மந்திரம் ஒலித்து முடிந்த பிறகு மாப்பிள்ளை அதைச் சொல்ல வாயைத் திறந்தார். பக்கத்து அறையில் இருந்த எங்கள் முதலாளி வந்து பார்த்துவிட்டு, இதை அப்படியே கொடுத்தால் காமெடிப் படமாக ஓடும் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சிரிக்கவில்லை. பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தது, தங்கை தினமும் போன் செய்தாள். எனக்கு அழுகையும் கோபமும் மாறி மாறி வந்தன.

"கைக்கு டென்ஷன் லேரே மேடம்" என்றார் மல்லாபூர்க்காரர். எதற்கு டென்ஷன், கேசட்டையே கொண்டுவருகிறேன் என்றார். அது பெரிய மனசு. அந்த ஊரில் எந்த ஸ்டூடியோவும் தன் கேசட்டை இன்னொரு ஸ்டூடியோவின் வாசலைத் தாண்ட விடாது. தன் முதலாளியிடம் என்ன சொன்னாரோ, மறுநாள் ஒரு ஸ்வீட் பெட்டியில் கேசட்டுகளை அடுக்கிக்கொண்டு வந்துவிட்டார். கூடவே ஒரு சின்ன ஃபைல். எங்கள் தொழிலில் ஈ.டி.எல். என்போம். அதில் படம் இருக்காது. எந்தக் கேசட்டில் எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை வேண்டும் என்று மட்டும் இருக்கும். அதை எந்த சாஃப்ட்வேரும் படிக்கும். படித்துவிட்டு, இன்ன கேசட்டைப் போடு என்று கேட்கும், போட்டால் தானே ஓட்டித் தேவையான துண்டுகளை எடுத்து வரிசையாக வைத்துவிடும்.

ஃபைலைக் கொடுத்தேன். கேசட்டைப் போடு என்றது. முதல் கேசட்டைப் போட்டேன். கணினி சமர்த்தாக முன்னும் பின்னும் ஓட்டி எடுத்துக்கொண்டே இருந்தது. அடுத்த கேசட்டைக் கேட்கவே இல்லை. முடிந்தது என்று சொல்லிவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு அப்போதே சந்தேகம்தான். முகூர்த்தம் இருக்க வேண்டிய இடத்துக்குப் போய் ஓட விட்டேன்.

மாப்பிள்ளையின் தலை தெரிந்தது. அதன் மேல் ஒரு கை வந்து அழுத்தியது. ஆனால் மருதாணி போட்ட கை இல்லை. பழைய வளையல் போட்ட, எண்ணெய் வழிகிற கை. மாப்பிள்ளையின் அம்மா, இரண்டு காலிலும் நன்றாக நின்றுகொண்டு, மகன் தலையில் எண்ணெய் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் சடங்கு முகூர்த்தத்தின் இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

காரணம் கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. மல்லாபூர் ஸ்டூடியோ முதலாளி பக்திமான். நாம் பிள்ளையார் சுழி போடாமல் எழுதமாட்டோம் இல்லையா, அதுபோல அவர்கள் கல்யாணப் பத்திரிகையின் தலையில் 'ஸ்ரீரஸ்து சுபமஸ்து' என்று போடுவார்கள். இவர் பத்திரிகையோடு நிற்கவில்லை. கணினியில் ஒவ்வொரு கேசட்டுக்கும் பெயர் கொடுக்கும்போதும் ஸ்ரீரஸ்து சுபமஸ்து ஒன்று, ஸ்ரீரஸ்து சுபமஸ்து இரண்டு என்றுதான் கொடுக்க வேண்டும் என்பது அவர் ஸ்டூடியோ சட்டம். அவர்கள் சாஃப்ட்வேரில் எவ்வளவு நீளப் பெயரும் நிற்கும். ஆனால் ஈ.டி.எல்.லில் கேசட் பெயருக்கு எட்டு எழுத்துக்குத்தான் இடம். ஆங்கிலத்தில் 'ஸ்ரீரஸ்து' என்று அடித்தால் கச்சிதமாக எட்டு எழுத்து. அதற்குப் பின்னால் வந்த சுபமும் போயிற்று, எண்ணும் போயிற்று. எல்லாக் கேசட்டுக்கும் ஒரே பெயர். ஒரே பெயர் என்றால் ஒரே கேசட் என்று எங்கள் கணினி நினைத்துக்கொண்டு, நாலாவது கேசட்டில் எடுக்க வேண்டிய முகூர்த்தத்தை முதல் கேசட்டில் அதே இடத்தில் இருந்த எண்ணெய்க் குளியலிலிருந்து எடுத்துவிட்டது.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கடவுள் பேரே எல்லா இடத்தையும் எடுத்துக்கொண்டால் மனுஷர்கள் எங்கே உட்காருவது என்றார். நானும் சிரித்துவிட்டேன். பிறகு அவர் பழைய பெயர்களை எடுத்துவிட்டு, ஒன்று இரண்டு மூன்று என்று மொட்டையாக எண் கொடுத்துக்கொண்டு வர மல்லாபூருக்குக் கிளம்பினார்.

அவர் போன பிறகு அந்தத் தப்பான துண்டை அழிக்கப் போனேன். கை வரவில்லை. இன்னொரு முறை ஓட்டினேன். இத்தனை நாளாக சீரகம் எங்கே, தாலி எங்கே என்று இந்தப் படத்தைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். படத்தில் மாப்பிள்ளையின் அம்மா இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவர் மகன் கல்யாணத்தில் அவர் எங்குமே இல்லை. மல்லாபூர்க்காரரும் இந்தச் சடங்கைத் தன் படத்தில் சேர்த்திருக்கவில்லை, கல்யாண மண்டபத்திலிருந்துதான் தொடங்கியிருந்தார். கணினி தப்பாக எடுத்ததில்தான் அந்த அம்மா முதல் தடவையாகக் கல்யாணத்துக்குள் வந்திருந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏசிக்காற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த முதல் கேசட்டை எடுத்து முழுசாக ஓட்டிப் பார்த்தேன். அப்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. எண்ணெய் வைத்து முடித்ததும் பெரிய அத்தை கிண்ணத்தை வாங்குகிறார், படி ஓரத்தில் தரையில் வைக்கிறார், திரும்பும்போது புடவைக் கரை பட்டுக் கிண்ணம் சாய்கிறது. அவர் கவனிக்காமல் நடந்து போகிறார். எண்ணெய் படிப்பக்கம் மெதுவாக ஓடுகிறது. இதைப் படத்தில் வைக்க வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை. எடிட்டர் என்ற முறையில் அதை வெட்டியிருக்க வேண்டும். கால் ராசி என்ற பேச்சை நினைத்துக்கொண்டேன், வெட்டவில்லை.

மொட்டை எண்களோடு ஈ.டி.எல். வந்தது. இந்த முறை கணினி ஒவ்வொரு கேசட்டாகக் கேட்டு வாங்கிக்கொண்டது. படமும் வந்தது, சத்தமும் கூடவே வந்தது. சன்னாயியும் நாதஸ்வரமும் ஒரே டைம்லைனில் உட்கார்ந்தன. மல்லாபூர்க்காரரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கோத்தோம். எங்கே அவருடையதைக் குறைப்பது, எங்கே என்னுடையதைக் குறைப்பது என்று அடித்துக்கொண்டோம். பெரியப்பா முதுகை எடுக்கலாமா என்று அவர் மரியாதையாகக் கேட்டார். எடுங்கள், ஆனால் கொஞ்சம் விட்டு வையுங்கள், இல்லாவிட்டால் அவர் என்னைச் சும்மா விடமாட்டார் என்றேன். முகூர்த்தம் வந்த இடத்தில் மட்டும் நான் யாரையும் கேட்கவில்லை. எண்ணெய்க் கையை வைத்தேன். அதன் பின்னாலேயே சீரகக் கையை ஒட்டினேன். அவர் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஹவ் மேடம்" என்று மட்டும் சொன்னார். சரி என்று அர்த்தம்.

பதினாறாம் நாள் மல்லாபூர் வீட்டில் உட்கார இடமில்லை. டிவிக்கு நேர் எதிரே நாற்காலியில் மாப்பிள்ளையின் அம்மா, மாவுக்கட்டுக் காலை ஒரு ஸ்டூல் மேல் வைத்திருந்தார். அவர் காலடியில் தரையில் தங்கை. பக்கத்தில் பெரிய அத்தை. அம்மாவும் அப்பாவும் சுவரோரம் புது சம்பந்திகளாக விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். நான் டிவிடியைப் போட்டுவிட்டுச் சுவிட்ச் பக்கத்தில் நின்றேன். மின்சாரம் போய்விடக்கூடாதே என்று தர்கா இருக்கிற மௌலா அலி மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுக்கொண்டேன்.

முதல் காட்சியே அந்த வீட்டு வாசல்தான். எண்ணெய்க் கிண்ணம், பெரிய அத்தை, படியோரம், புடவைக் கரை, எண்ணெய் ஓடுகிறது. மாப்பிள்ளையின் அம்மா முன்னால் சாய்ந்து பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த நாத்தனார் பக்கம் திரும்பி, "வதினா, அந்தக் கிண்ணத்த அங்க வெச்சது நீங்கதானா?" என்று தெலுங்கில் நிதானமாகக் கேட்டார். பெரிய அத்தை டிவியைப் பார்த்தார், மாவுக்கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். அப்புறம் அறை முழுக்கச் சிரித்தது, கடைசியில் பெரிய அத்தையே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். அதற்குப் பிறகு கால் ராசியைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசியதாக நான் கேள்விப்படவில்லை.

படம் ஓடியது. மண்டபம், ஊர்வலம், இரண்டு புரோகிதர்களும் நேரத்துக்காக வாதாடியது. திரையைப் பிடித்தார்கள். பந்துலுவின் குரல் ஏறியது. மாப்பிள்ளையின் தலை பெரிதாக வந்தது. அதன் மேல் அம்மாவின் கை எண்ணெயோடு அழுந்தியது. அடுத்த நொடி, அதே தலையில், அதே இடத்தில், மருதாணிக் கை ஒன்று சீரகத்தையும் வெல்லத்தையும் வைத்து அழுத்தியது. திரை விலகியது. சன்னாயி உச்சத்துக்குப் போனது, ஒரு நொடிகூட முந்தாமல்.

நான் டிவியைப் பார்க்கவில்லை, அந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தன் வலது கையைத் தூக்கி உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு அந்தக் கையை அப்படியே இறக்கிக் காலடியில் உட்கார்ந்திருந்த என் தங்கையின் தலையில் வைத்தார். ரொம்ப மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஏதோ சொன்னார். எனக்குக் காதில் விழுந்தது. "மீ அக்க நன்னு பெள்ளிகி தீஸ்கெள்ளிந்தி."

சுவரோரம் அம்மா தவித்துப்போனாள். சம்பந்தியம்மா கண்ணைத் துடைக்கிறார், மகள் கண்ணைத் துடைக்கிறாள், நல்லதா கெட்டதா தெரியவில்லை. "என்னட்டி சொல்லுதாவ?" என்று என்னைக் கேட்டாள். நான் டிவிடி உறையைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

தங்கைதான் திரும்பினாள். மாமியாரின் கை தலையில் இருந்தபடியே, பிறந்ததிலிருந்து அம்மாவுக்குத் தெலுங்கிலேயே பதில் சொல்லி வந்தவள், சொல்லுக்குச் சொல் தேடித் தமிழில் சொன்னாள்.

"அம்மா, அக்கா அவங்கள கல்யாணத்துக்குக் கூட்டிட்டு வந்துட்டாளாம்."